பிரஷர் குளிசை: காலையிலா, இரவிலா?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 67 வயது. ஆறு வருடமாக கிளினிக்கில் பிரஷருக்கு லொசார்ட்டனும் சலம் போகிற குளிசையும் கொடுக்கிறார்கள். இரண்டும் காலையில் ஒரு தடவை. இரவில் போட்டால் மாரடைப்பு பாதியாகக் குறையும் என்று வட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு, போன கிழமையிலிருந்து எல்லாவற்றையும் படுக்கப் போகும்போது போடுகிறார். சரியா?"

வட்ஸ்அப்பில் வந்தது அடியோடு கட்டுக்கதை இல்லை. ஸ்பெயினில் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஹைஜியா ஆய்வு 2019இல் வெளிவந்தது. இரவில் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 45 சதவீதம் குறைந்தன என்றது. அதே குளிசை, மாறியது நேரம் மட்டும். அதற்கு இவ்வளவு பலனா? வாசித்தபோதே எனக்கு நெருடியது. ஆய்வு நடந்த முறையைப் பற்றியே நிபுணர்கள் பலர் கேள்வி எழுப்பினார்கள்.

அப்புறம் பிரித்தானியாவில் டைம் என்ற ஆய்வு. 21,104 பேரை ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்து 2022இல் முடிவைச் சொன்னார்கள். இரவில் போட்டவர்களில் 3.4 சதவீதம், காலையில் போட்டவர்களில் 3.7 சதவீதம் பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ இரத்தக்குழாய் நோயால் மரணமோ வந்தது. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் இது. 2025இல் கனடாவின் பெட்மெட் ஆய்வும், குடும்ப வைத்தியர்களிடம் போகும் மூவாயிரத்துச் சொச்சம் பேரிடம், நேரத்தால் பலன் கூடவில்லை என்றே கண்டது.

ஆக, லொசார்ட்டனை அம்மா எந்த நேரத்தில் மறக்காமல் போடுவாரோ அந்த நேரம்தான் நல்ல நேரம். விளக்கேற்றிச் சாமி கும்பிட்ட கையோடு போடுகிறவர் என்றால் காலையே இருக்கட்டும். நேரத்தை மாற்றும் நாளில் இரண்டு நாள் மருந்தை ஒரே நாளில் போட்டுவிட வேண்டாம், அவ்வளவுதான்.

சலம் போகிற குளிசை வேறு கதை. அதைக் காலைக்கே திருப்பிவிடுங்கள். டைம் ஆய்விலும் அடிக்கடி கக்கூசுக்குப் போக வேண்டியிருக்கிறது என்ற முறைப்பாடு இரவுக் குழுவில்தான் கூட. நம் ஊரில் பல வீடுகளில் கக்கூஸ் வெளியே. இரவு இரண்டு மணிக்கு, பிள்ளைகளை எழுப்பக்கூடாதென்று லைட் போடாமல், ஈர முற்றத்தால் நடக்கும் 67 வயதுக்காரரை நினைத்துப் பாருங்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பிரஷர் கதை பின்னால் போய்விடும். கிளினிக்கில் வேறு காரணத்துக்காக 'இரவில் மட்டும்' என்று எழுதித் தந்த குளிசை ஏதாவது இருந்தால், அதை நீங்களாக மாற்றாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நேரத்தைவிட இதுதான் அதிகம் குழப்புகிறது. கிளினிக் நாளில் இரத்தம் குத்தவேண்டும் என்று விடியவே வெறும் வயிற்றில் கிளம்புவார்கள். அன்று காலைக் குளிசையும் போடுவதில்லை. பஸ்ஸில் நின்று, நம்பர் எடுத்து, வரிசையில் காத்திருந்து, இருந்ததும் இராததுமாகக் கையை நீட்டினால் பிரஷர் 160 காட்டும். மருந்து போதவில்லை என்று டோஸ் கூடும். வீட்டுக்கு வந்து அதை ஒழுங்காகப் போட்டதும் தலைசுற்றும்.

வைத்தியர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒழிய, பிரஷர் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு வெறும் வயிற்றில் போடலாம். சீனி வருத்தத்துக்கான குளிசையை அப்படிப் போடக்கூடாது, சீனி இறங்கிவிடக்கூடும். பிரஷர் பார்க்குமுன் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் குளிசை போடாமலே போய்விட்டால், கிளினிக் கொப்பியை நீட்டும்போதே அதைச் சொல்லிவிடட்டும்: "இண்டைக்கு இன்னும் குளிசை போடேல்ல, டொக்டர்."