யாருடைய கால் முறிந்தது?

கேள்வி: மாமா, ரொறன்ரோவிலிருந்து வந்து நின்ற பெரியப்பாவின் மகன், போகும்போது ஒரு பெட்டி வம்பயர் காட்ஸை, அதுதான் காட்டேரிச் சீட்டாட்டத்தை, எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். நான்கு பேராக விளையாடுகிறோம். சின்னவர்களுக்கு ஆங்கிலம் ஓடாது என்பதால் அட்டையில் இருப்பதை நானே தமிழில் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். போன ஞாயிறு என் காட்டேரி அட்டை தம்பியை மூன்றுக்கு 'பிளீட்' பண்ணியது, அதாவது அவனுடைய காயில் மூன்றை உறிஞ்சப் போனது. அவன் 'டிஃப்ளெக்‌ஷன்' அட்டையைப் போட்டு, அதைத் தன் இடப்பக்கம் இருந்த மச்சாளின் தலையில் கட்டிவிட்டான். காய்க்குப் பதிலாக வைத்த புளியங்கொட்டையில் அவளிடம் இரண்டுதான் மிச்சம், ஆள் வெளியே. வெற்றிப் புள்ளி அடித்த எனக்கா, திருப்பிவிட்ட தம்பிக்கா? தன்னைத் தடுக்கவே விடவில்லை என்று மச்சாள் இன்னும் எங்களோடு கதைக்கிறாள் இல்லை.
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பிள்ளை, புள்ளி தம்பிக்கு. நீர் கோபப்பட்டாலும் அதுதான் சட்டம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆளுக்கு 30 காய் கையில் இருக்கும். இடப்பக்கம் இருப்பவர் உம்முடைய இரை, வலப்பக்கம் இருப்பவருக்கு நீர் இரை. இரையின் காய்களை உறிஞ்சி முடிப்பதுதான் வேலை. இரை வெளியே போனால், யாருடைய காட்டேரி கடித்தது என்று யாரும் கேட்பதில்லை. அந்த இரைக்கு உரியவருக்கே ஒரு புள்ளியும், வங்கியிலிருந்து 6 காயும். மச்சாள் தம்பியின் இரை. நீர் கூலி வாங்காமல் அவனுடைய வயலை உழுது கொடுத்திருக்கிறீர். உமக்கு ஒரு ஆறுதல் உண்டு. பிளீட் பலித்தால் 'எட்ஜ்' என்ற அடையாளக் காய் கடித்த காட்டேரியின் சொந்தக்காரருக்குத்தான். அதைத் தம்பியிடமிருந்து வாங்கி வையும்.

இனி மச்சாளின் வழக்கு. அவள் சொல்வதுதான் சரி. பிழை தம்பியில் இல்லை, உம்முடைய கொப்பியில். அந்த அட்டையை எப்போது போடலாம் என்பதற்கு "தடுப்பு முடிந்த பிறகு" என்று எழுதியிருப்பீர் என்று நினைக்கிறேன். படித்தவுடன், தடுக்கும் நேரமே எல்லோருக்கும் முடிந்துவிட்டது என்றுதான் படும். ஆங்கிலம் சொல்வது அதுவல்ல. தடுக்க உரிமை உள்ளவர் 'நான் தடுக்கவில்லை' என்று விட்ட பிறகு. அந்த நேரத்தில் உரிமை உள்ளவர் யார்? தம்பி. மச்சாள் அப்போது வழக்கிலேயே இல்லை. அடி அவள் பக்கம் திரும்பியபோதுதான் அவளுக்கு உரிமை பிறக்கிறது. சாய்க்காமல் நிமிர்த்தி வைத்த, அதாவது இன்னும் வேலைக்குப் போகாத காட்டேரி ஒன்று அவளிடம் இருந்திருந்தால், தடுத்துப் பார்க்க விட்டிருக்க வேண்டும்.

தமிழில் எழுவாய் இல்லாமலே வசனம் அழகாக நின்றுவிடும். அதனால் வரும் வில்லங்கம் இது. நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்தில் ஒரு மாட்டு வழக்கு. உழுந்துத் தோட்டத்துக்குள் மாடு இறங்கிவிட்டது. சாட்சிக் கூண்டில் ஏறியவர், "மாட்டை விரட்டினனான் ஐயா, கால் முறிஞ்சு போச்சு" என்றார். நானும் அப்படியே சொல்லப் பார்த்தேன், ஆனால் ஆங்கிலத்தில் யாருடைய கால் என்று சொல்லாமல் வாயைத் திறக்க முடியாது. மாட்டினுடையதா, ஓடிய மனிதருடையதா? நான் திகைத்து நிற்க, அவர் சாரத்தைக் கொஞ்சம் உயர்த்தி வீங்கிய தழும்பைக் காட்டினார். மாடு சுகமாகத்தான் இருந்ததாம்.

ஆகவே கொப்பியை ஒருமுறை திரும்பப் பாரும். ஒவ்வொரு வரியிலும் 'யார்' என்பதை எழுதும். அப்புறம் நீர் போட்ட 'லாம்' எல்லாவற்றையும் தேடும். இரத்தம் அடியோடு தீர்ந்த காட்டேரி, வேறு வேலைக்குப் போகுமுன் வேட்டைக்குப் போயே ஆக வேண்டும். அதைப் 'போகலாம்' என்று எழுதியிருந்தால் இத்தனை நாளும் வேறு ஏதோ ஆட்டம் ஆடியிருக்கிறீர்கள்.

(இந்தக் கிழவனுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஜெர்மனியிலிருந்து என் மருமகன் வந்து நின்ற இரண்டு மாதமும் கிளிநொச்சியில் எங்கள் விறாந்தையில் இதுதான் நடந்தது. ஐந்தாவது ஆளுக்கு ஆள் இல்லாமல் என்னைப் பிடித்து இருத்தினார்கள்.)

கேள்வி: 'கவர்ன் த அன்அலைன்ட்' அட்டையில் "இளைய காட்டேரி" என்று வருகிறது. படத்தில் நரைத்த கிழவனாக இருப்பவனை அண்ணா இளையவன் என்கிறான். விடலாமா?
- வாசகர், மல்லாவி

பதில்: விட வேண்டும் தம்பி. இந்த ஆட்டத்தில் மூப்பும் இளமையும் தலைமயிரில் இல்லை, அட்டையில் இருக்கும் இரத்தக் கொள்ளளவு எண்ணில்தான். எண் கூடியவர் மூத்தவர், குறைந்தவர் இளையவர். இரண்டும் ஒரே எண் என்றால் ஒருவருக்கொருவர் மூத்தவரும் இல்லை, இளையவரும் இல்லை, அந்த அட்டை அங்கே செல்லாது. படத்தைப் பார்த்துச் சட்டம் சொல்லப் போனால், 'பகலில் காட்டேரி எப்படியடா வெளியே வரும்?' என்று என் மனைவி கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

கேள்வி: ஒரே பெயரில் இரண்டு அட்டை, முதுகும் வேறு, எழுத்தும் வேறு. எது சரி?
- அதே வாசகர்

பதில்: பிந்தியது. 1994இல் றிச்சர்ட் கார்ஃபீல்ட் அமைத்த இந்த ஆட்டம் 'ஜிஹாத்' என்ற பெயரில் வந்தது. அடுத்த வருடமே பெயரையும் முதுகையும் மாற்றி 'வம்பயர்: தி எடேர்னல் ஸ்ட்ரகிள்' ஆக்கினார்கள். 2010இல் நின்றுபோய், 2018இல் இருந்து வேறொரு நிறுவனம் திரும்பவும் அச்சிடுகிறது. இத்தனை வருடத்தில் வசனங்களைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். கையில் இருப்பது பழைய அட்டையானாலும் அதில் புதிய வசனம் இருப்பதாகவே வைத்து ஆட வேண்டும். இன்னொன்று, விதிப்புத்தகமும் அட்டையும் முட்டிக்கொண்டால் அட்டை சொல்வதுதான் நிற்கும். அண்ணாவிடம் இதை மட்டும் இப்போதைக்குச் சொல்லாதீர்.

கேள்வி: என்னைக் கடிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணிய மச்சான் அடுத்த சுற்றிலேயே கடித்துவிட்டான். தண்டனை உண்டா?
- வாசகர், மாங்குளம்

பதில்: இல்லை. மேசையில் பேரம் பேசலாம், ஆனால் பேசியது யாரையும் கட்டாது. கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினாலும் புத்தகம் உங்களுக்காக எழும்பி வராது.

கேள்வி: இதெல்லாம் எதற்கு? எங்கள் 304 சீட்டாட்டம் போதாதா? அதில் இந்த வாதமெல்லாம் இல்லையே.
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: ஐயா, எந்த வீட்டில் விளையாடுகிறீர்கள்? நானும் வந்து இருக்க வேண்டும். கணக்கில் வாதம் இல்லைத்தான். ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஆக ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. ஆனால் கவிழ்த்து வைத்த துரும்பை எப்போது திறப்பது என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊரில் ஒரு சட்டம், சம்பந்தி வீட்டில் இன்னொன்று. காட்டேரிக்காரருக்கு அச்சடித்த புத்தகமாவது இருக்கிறது.

கேள்வி: பேய்ப்படம் போட்ட கடதாசி வீட்டில் இருக்கக் கூடாது, எரி என்கிறா அம்மா. என்ன செய்ய?
- வாசகி, நெடுங்கேணி

பதில்: எரிக்க வேண்டாம். பிஸ்கட் ரின்னில் போட்டு, இறுக்கி மூடி, அம்மாவின் கண்ணில் படாத தட்டில் வையும். மண் சுவரோடு ஒட்டி மட்டும் வைக்காதீர். மருமகன் விட்டுப்போன அட்டைக்கட்டில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது.