மகன் பாடட்டும், கல்லூரிக்கும் போகட்டும்

கேள்வி: நாகூரில் மூன்று தலைமுறையாக தர்காவில் பாடுகிற குடும்பம் எங்களுடையது. பிளஸ் டூ முடித்த மகன், "வாப்பா, நானும் பாடத்தான் போறேன்" என்கிறான். எனக்கோ அவனைச் சென்னையில் ஒரு என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்த்துவிட ஆசை. இந்தத் தொழிலின் கஷ்டம் என்னோடு போகட்டும். என்ன செய்யலாம்?

பதில்: பாய், கவ்வாலி என்கிற சூஃபி பக்திப் பாட்டில் உலகப் புகழ்பெற்ற பாகிஸ்தான் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் தகப்பனாருக்கும் இதே பயம் இருந்தது. தகப்பனாரே பெயர்பெற்ற கவ்வாலிப் பாடகர். தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த குடும்பம். ஆனாலும் பாடுகிறவனுக்கு ஊரில் என்ன மரியாதை என்று நினைத்து, பையனை டாக்டராக்கப் பார்த்தார். பையன் பாட்டை விடவில்லை. 1964-ல் தகப்பனார் காலமானார். நாற்பதாம் நாள் சடங்கில்தான் நுஸ்ரத் முதன்முதலாகச் சபையில் பாடினார். மீதிப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர்கள் தகப்பனாரின் சகோதரர்கள் முபாரக் அலி கானும் சலாமத் அலி கானும். 1971-ல் குழுவின் தலைமை அவர் கைக்கு வந்தது.

உங்கள் மகனும் நுஸ்ரத் ஆகிவிடுவான் என்று ஆசைகாட்ட இதைச் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆலோசகரை நம்பவும் வேண்டாம். அந்த வீட்டில் சொல்லிக்கொடுக்க இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். உங்கள் வீட்டில் உங்களுக்கு அப்புறம் யார் இருக்கிறார்கள்? கல்லூரி சீட் அடுத்த வருடமும் கிடைக்கும். சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடலில் எந்த அடியைத் திரும்பத் திரும்ப எடுப்பது, சபை உருகி நிற்கும்போது எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வரும். கவ்வாலிக் குழுக்களில் சின்னப் பையன்களைப் பின்வரிசையில் கைதட்ட உட்காரவைப்பது இதற்காகத்தான். தாளம் உடம்பில் ஏறிய பிறகுதான் சேர்ந்து பாட இடம், அப்புறம் மெல்ல முன்வரிசை. சென்னை ஹாஸ்டலில் இருக்கிற பையனுக்கு இது எப்படிக் கிடைக்கும்?

அதனால் ஊரைவிட்டு அனுப்பாதீர்கள். திருவாரூர் திரு.வி.க. அரசு கலைக் கல்லூரிக்குக் காலையில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம். பி.காம். கிடைத்தால் நல்லது. கச்சேரிக்கு முன்பணம் பேசுவது, ஆர்மோனியம், தபேலா, பின்பாட்டு என்று பங்கு பிரிப்பது, யூடியூபில் போடுகிறவரிடம் உரிமையை எழுதி வாங்குவது, இந்த இடங்களில்தான் பாடகர்கள் வழக்கமாக ஏமாறுகிறார்கள். திருவையாறு அரசு இசைக் கல்லூரியும் ஒரு வழிதான். அங்கே கர்னாடக சங்கீதத்தை முறையாகப் படிக்கலாம், ஆனால் உங்கள் வீட்டுப் பாணியை அங்கே சொல்லித்தர மாட்டார்கள். இரண்டில் எது என்று பையனே முடிவு செய்யட்டும்.

பணத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கந்தூரி, மீலாது, கல்யாண சீசன் போனால் கை வறண்டுவிடும். படிப்பு அந்த மாதங்களுக்காகத்தான். உங்கள் ஊர்ப் பெயரையே முன்னால் வைத்துக்கொண்ட ஹனிபாவும் ஒரே மேடையை நம்பி இருந்ததில்லையே. மார்க்கக் கூட்டம், கல்யாண வீடு, கட்சி மேடை, இசைத்தட்டு என்று எல்லா இடத்திலும் அந்தக் குரல் ஒலித்தது.

இன்னொன்று, காகிதம். பரம்பரைக் கலைஞர்கள் கோட்டை விடுவது இங்கேதான். மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு இரண்டு வருடம், மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. கவ்வாலி, கஜல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் குருவிடம் ஐந்து வருடமாவது பயின்றதற்குக் கையெழுத்திட்ட சான்று கேட்பார்கள். வீட்டிலேயே கற்றவனுக்கு அது எங்கே இருக்கும்? ஒரு நோட்டுப் போட்டு, எந்தத் தேதியில் எந்தப் பாடல் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள். அவன் பெயர் வந்த நோட்டீஸ், நிகழ்ச்சிப் புகைப்படம் எதையும் தூக்கிப்போட வேண்டாம். காரைக்கால் வானொலி குரல்தேர்வு அறிவித்தால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிரேடு வாங்கிய பாடகருக்கு மற்ற மேடைகளிலும் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

கடிதத்தின் ஓரத்தில், "மகளுக்குத்தான் குரல் இன்னும் நல்லா இருக்கு, என்ன பிரயோஜனம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாகிஸ்தானின் லார்க்கானாவில் இசைப்பள்ளி நடத்திய குலாம் ஹைதர், மகன்கள் இருந்தும் தன் இசை வாரிசாக மகளைத்தான் தேர்ந்தெடுத்தார். அந்த மகள்தான் புகழ்பெற்ற சூஃபிப் பாடகி அபிதா பர்வீன். உங்கள் மகள் பத்தாம் வகுப்பு என்கிறீர்கள். சாயங்காலம் மகனுக்குப் பாடம் எடுக்கும்போது அவளையும் கூட உட்காரவைத்து, அவள் பெயரிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். இப்போது தொடங்கினால் இருபது, இருபத்தொரு வயதில் அவளும் அதே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.