மானியம் கேட்கும் முன், மண் யார் பேரில்? பழைய கட்டடங்கள்: கேள்வி-பதில்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றிய தோட்டங்களிலிருந்தும் வந்தவை. கோயில், கடைவீடு, தமிழ்ப்பள்ளி, டிரேசர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) குடியிருந்த வீடு எனக் கட்டடம் மாறுகிறதே தவிர கேள்வி மாறவில்லை: பழுதுபார்க்க நகராண்மைக் கழகம் பணம் தருமா? பெயர்களை எடுத்துவிட்டு, கடிதங்களைச் சுருக்கிப் பதில் தருகிறேன்.

கேள்வி: லிந்தாங் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தாத்தா காலத்தில் கட்டியது. கூரை ஓடு சரிந்து, மழை பெய்தால் மகாமண்டபத்தில் தண்ணீர் தேங்குகிறது. பழைய கட்டடத்துக்கு மானியம் என்று நகராண்மைக் கழகத்திடம் ஒன்றும் இல்லையாமே, உண்மையா ஐயா?

பதில்: பெரும்பாலும் உண்மை. ஊராட்சி மன்றங்களின் பட்ஜெட் குப்பை, கால்வாய், தெருவிளக்கு, சாலையோரப் புல் என்றே போய்விடும். பழைய கட்டடத்துக்கென்று தனித் தலைப்பில் பணம் வைத்திருக்கும் மன்றங்கள் அபூர்வம். பினாங்கில் கொடுத்தார்களே என்று பலர் கேட்கிறார்கள். ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மறு ஆண்டு அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானாவின் கீழ் தொடங்கிய திங்க் சிட்டி நிறுவனம் அங்கே கட்டடப் பழுதுபார்ப்புக்கு மானியம் வழங்கியது. அது அந்த நகரத்தை நினைத்து வந்த பணம். தோட்டத்துக் கோயிலுக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் கோயிலுக்கு முதல் வழி, வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சு முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டுத் தலங்களுக்கென வழங்கும் நிதி. அந்தத் தலங்களின் மலாய்ச் சுருக்கப் பெயரான ரிபி என்று சொன்னால் அலுவலகத்தில் உடனே புரியும். அடுத்து மாநில அரசு, அதற்கடுத்து உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடு. கடைசியாகச் சொன்னது சிறிய தொகைதான். ஆனாலும் கூரையை மட்டும் சரிசெய்ய அதுவே போதுமாக இருக்கலாம். கூரை ஒழுகும்வரை வேறு எதற்கும் ஒரு சென் செலவழிக்காதீர்கள். பெயின்ட், தரை மார்பிள், வாசல் வளைவு எல்லாம் பிறகு.

நகராண்மைக் கழகத்திடம் பணம் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு, பொது வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும், லாப நோக்கமற்ற இடத்துக்கு மதிப்பீட்டு வரியிலிருந்து விலக்கு தர மாநில அரசுக்கு இடம் கொடுக்கிறது. கேட்காமல் கிடைக்காது, எழுத்தில் கேளுங்கள். கட்டட வரைபடக் கட்டணத்தைக் குறைக்கும்படியும் அதே கடிதத்திலேயே கேட்கலாம்.

கேள்வி: கோயில் கட்டித் தொண்ணூறு வருடம் ஆகிறது. தோட்டம் இரண்டு முறை கைமாறிவிட்டது. இப்போது வாங்கியவர்கள் வீடமைப்புத் திட்டம் கொண்டுவரப் போவதாகப் பேச்சு. இவ்வளவு காலம் இருந்ததால் நிலம் எங்களுக்குச் சொந்தமாகிவிடாதா? மானிய மனுவில் நில விவரம் கேட்கிறார்களே, என்ன எழுதுவது?

பதில்: சொந்தமாகாது. கசப்பாக இருந்தாலும் இதை நிர்வாகத்தினர் அத்தனை பேரும் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அதனால் மட்டும் கிரான் (நில உரிமைப் பத்திரம்) உள்ளவரின் உரிமை போய்விடாது என்று தேசிய நிலச் சட்டத்தின் 341-ஆவது பிரிவு சொல்கிறது. அரசாங்க நிலமானால் 48-ஆவது பிரிவு அதையே சொல்கிறது. தோட்டப்புறத்தில் நம் மனுக்கள் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் இதுதான். கட்டியதும் கும்பிட்டதும் காத்ததும் ஒரு கூட்டம், கிரானில் இருப்பது வேறொரு பெயர். மானியம் கொடுப்பவர் கிரானைத்தான் பார்ப்பார்.

ஆகவே மனு எழுதுமுன் நில அலுவலகத்தில் அந்த லாட்டின் அதிகாரபூர்வத் தேடல் நகலை எடுங்கள். உரிமையாளர் யார், நிலம் எந்த வகை, யாருக்கு அடமானம் என எல்லாம் அதில் இருக்கும். பிறகு அந்த உரிமையாளரிடமிருந்து, கோயில் அங்கே இருப்பதையும் பழுதுபார்ப்பதையும் ஆட்சேபிக்கவில்லை என்று கம்பெனி முத்திரையுடன் கடிதம் வாங்குங்கள். தோட்ட மானேஜர் வாய்மொழியாகச் சொன்னது எந்த மேசையிலும் செல்லாது.

வீடமைப்புத் திட்டம் வருகிறது என்கிறீர்கள். பயப்பட வேண்டிய நேரம்தான், பேச வேண்டிய நேரமும் அதுதான். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற அவர்கள் நில அலுவலகத்துக்கு மனு போட வேண்டும். திட்டமிடல் அனுமதிக்கு ஊராட்சி மன்றத்துக்குப் போக வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலமென்றால் கைமாற்றுவதற்கும் பிரிப்பதற்கும் 214A பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். 1950-களில் வெள்ளைக்காரத் துரைமார்கள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் துண்டு துண்டாகி, தொழிலாளர் குடும்பங்கள் தெருவில் நின்றதன் விளைவுதான் அந்தப் பிரிவு. உங்கள் ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்த வேதனையிலிருந்துதான்.

இந்த மனுக்கள் மேசையில் இருக்கும்போதே, கோயில் நிற்கும் துண்டைத் தனி லாட்டாகப் பிரித்து அரசிடம் ஒப்படைக்கவும், அதை 62-ஆவது பிரிவின்கீழ் வழிபாட்டுக்கென ஒதுக்கவும் கேளுங்கள். அனுமதி கையெழுத்தான பிறகு கேட்டால் உங்களிடம் பேச யாருக்கும் அவசியம் இருக்காது.

கேள்வி: சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. குத்தகைக்காரர் எல்லாவற்றையும் செதுக்கிவிட்டு சிமெண்ட் பூசி, இடுப்பு உயரம் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் கோயில்களையும் பழைய பள்ளிக் கட்டடங்களையும் கறையானைவிட அதிகமாகச் சிமெண்டுதான் தின்றிருக்கிறது.

ஒரு ஆணியை எடுத்து, உதிர்ந்த இடத்தில் இரண்டு செங்கல்லுக்கு நடுவே கீறிப் பாருங்கள். வெள்ளையாக மாவு போலக் கொட்டினால் அது சுண்ணாம்புச் சாந்து. ஆணி வழுக்கிக்கொண்டு சாம்பல் நிறக் கோடு மட்டும் விழுந்தால், யாரோ ஏற்கெனவே சிமெண்ட் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய செங்கல் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்பில் எழுந்தவை. அடியில் ஈரத்தடுப்பு இல்லாத சுவர் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்டோ டைல்ஸோ அடைத்தால் ஈரம் போக வழி தேடி மேலே ஏறும். இன்று முழங்காலில் இருப்பது சில வருடங்களில் தோளுக்கு வரும். தண்ணீருடன் வரும் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உள்ளிருந்து உடைக்கும். டைல்ஸ் பளபளவென்று இருக்கும், பின்னால் செங்கல் பொடியாகிக் கொண்டிருக்கும்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் வெளியே போய்ச் சுவரைச் சுற்றிப் பாருங்கள். கால்வாய் அடைத்திருக்கிறதா, சுவரை ஒட்டி சிமெண்ட் தளம் போட்டிருக்கிறார்களா, மண் மேடாகி உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா? பாதி ஈரம் அங்கேயே நின்றுவிடும். பிறகு உதிரும் பூச்சை மட்டும் எடுத்து, செங்கல்லைத் திறந்துவிட்டுக் காயவிடுங்கள். நம் ஊர் மழைக்கு இதற்குப் பல மாதம் ஆகும். திருவிழாவுக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டால் எல்லாம் வீண். உப்பு வெள்ளையாகப் பூத்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். காகிதக் கூழை ஈரமாக அப்பிக் காயவிட்டு உரித்தால் உப்பு அதில் ஏறி வந்துவிடும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும்.

கடைசியில் நன்றாக நீறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசி, ஒவ்வொன்றையும் ஈரச்சாக்கு போட்டு வெயில் படாமல் காக்க வேண்டும். எமல்ஷன் பெயின்ட் அடித்து மறுபடி மூடிவிடாதீர்கள், வெள்ளையடித்தால் போதும். இந்த வேலை தெரிந்தவர் அருகில் இல்லையென்றால் காத்திருங்கள். தெரியாதவர் கையில் கொடுப்பதைவிடச் சுவர் திறந்தே நிற்பது நல்லது.

கேள்வி: கும்பாபிஷேகத்துக்கு ஸ்தபதியைத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கிறோம். கோயில் விமானத்தில் பழைய சுதைச் சிற்பங்கள் சிதைந்திருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்தால் பாரம்பரிய மானியம் கிடைக்குமா?

பதில்: எடுத்துவிட்டால் மானியம் கேட்கும் காரணமே போய்விடும் அம்மா. 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி நடக்கட்டும். அது நம் மரபு, அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் தோட்டத்துக் கோயில் சுதைகளில் வேறெங்கும் இல்லாத ஒன்று இருக்கிறது. பத்து காஜாவுக்கு அருகே கெல்லி துரையின் மாளிகைப் பக்கத்தில், அவர் தம் தொழிலாளர்களுக்காகக் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயிலைப் போய்ப் பாருங்கள். கூரையில் தெய்வங்களோடு தொப்பியும் சூட்டுமாக அவரும் நிற்கிறார். 1926-இல் இறந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரரை நம் மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அதைவிட நேரான சாட்சி எந்த ஆவணத்திலும் இல்லை. உங்கள் விமானத்திலும் கங்காணியோ, கிராணியோ (தோட்ட எழுத்தர்), ரப்பர் பால் வாளி தூக்கிய பெண்ணோ இருக்கலாம். பெயின்ட் அடுக்குகளுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் உளியை வைக்காதீர்கள்.

ஸ்தபதியிடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: நிற்கக்கூடிய உருவத்தை எடுக்கக் கூடாது, விரல், மூக்கு, ஆயுதம் போன்ற உடைந்த பாகத்தை மட்டும் சுண்ணாம்பில் சேர்க்க வேண்டும், எடுத்தே ஆக வேண்டியதை நான்கு பக்கமும் படமெடுத்த பிறகே எடுக்க வேண்டும்.

கேள்வி: டவுனில் அப்பாவின் பழைய கடைவீடு. மாடி பலகை, முகப்பில் பூவேலைப்பாடு. தனியாருக்கும் மானியம் உண்டா?

பதில்: தனியார் கடைக்கு நம் பக்கத்தில் நம்பக்கூடிய மானியம் எதுவும் இல்லை, இல்லாததைச் சொல்லி உங்களை அலைய வைக்க மாட்டேன். 1948-க்கு முந்திய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது முடிவுக்கு வந்துவிட்டது. எனவே நல்ல வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் வருடத்துக்கு ஒரு வேலை என்று செய்யுங்கள். மாடிப் பலகை செங்கால் மரமாக இருந்தால் எக்காரணம் கொண்டும் விற்காதீர்கள். ஐந்தடி நடைபாதையை அடைத்துக் கடையை நீட்டாதீர்கள், அது பொது வழி.

கேள்வி: கூரை விழுந்துவிடும்போல் இருந்ததால் மனு போட்டுவிட்டு வேலையைத் தொடங்கிவிட்டோம். பிறகு கணக்கு காட்டிப் பணம் வாங்கலாமா?

பதில்: பொதுவாக முடியாது. ஒப்புதல் கடிதத் தேதிக்கு முந்திய ரசீதை ஏற்கமாட்டார்கள். இப்போதே நிறுத்தி, அவசரத்துக்கு முட்டுக்கொடுத்துத் தார்ப்பாய் கட்டுங்கள். இதுவரை செய்ததைப் படத்துடன் எழுதி அனுப்பிவிட்டு, மீதி வேலைக்கு மட்டும் கேளுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். எங்கள் தோட்டத்தில் பழைய ஆபிஸ், டிரேசர் வீடு, ஒரு வரிசை லயம் (தொழிலாளர் வீடுகள்) மட்டும் மிச்சம். செம்பனை மறுநடவுக்கு இடிக்கப் போகிறார்களாம். எங்களால் தடுக்க முடியுமா?

பதில்: முயலலாம் தம்பி, இன்றே தொடங்கு. 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி, ஓர் இடத்தைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்படி யார் வேண்டுமானாலும் அமைச்சருக்கு முன்மொழியலாம். நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. உடனடி ஆபத்து என்றால் 90 நாள்வரை இடைக்காலப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கவும் பாரம்பரிய ஆணையருக்கு அதிகாரம் உண்டு. நிலம் மாநிலத்தின் கையில் இருப்பதால் பதிவுக்கு முன் மாநில அரசைக் கலக்க வேண்டும். அதனால் கடிதத்தின் நகலை மாநிலத்துக்கும் அனுப்பு. பதிவான இடத்தின் பராமரிப்புக்கு உதவப் பாரம்பரிய நிதி ஒன்றையும் அதே சட்டம் ஏற்படுத்தியிருக்கிறது.

இடிக்கும் முன் நகராண்மைக் கழகத்தின் அனுமதி தேவை. மனு வந்திருக்கிறதா என்று கட்டடப் பிரிவில் விசாரி. ஊரின் வரைவு உள்ளூர்த் திட்டம் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, கருத்துச் சொல்ல நான்கு வாரத்துக்குக் குறையாத அவகாசம் தருவார்கள். அந்தப் படிவத்தில் இந்தக் கட்டடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடு. நம்மவர்கள் அந்தக் கண்காட்சிப் பக்கமே போவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் ஆதங்கம்.

முன்மொழிவுக்கு உணர்ச்சி போதாது, ஆதாரம் வேண்டும். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுடப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அந்த நாட்களில் உன் தோட்டத்து ஆபிஸில் என்ன நடந்தது, முள்கம்பி எங்கே இருந்தது, அரிசி எங்கே அளந்தார்கள் என்று சொல்லக்கூடிய பாட்டிகள் இருந்தால் அவர்கள் குரலைப் பதிவு செய். அளவுநாடாவால் ஒவ்வொரு அறையையும் அளந்து வரை. ஒன்றே ஒன்று: லயத்தின் கூரை அலை அலையான சாம்பல் ஷீட்டாக இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தொடாதே, உடைக்காதே, தூசியில் நிற்காதே.

கேள்வி: மனுவோடு என்னென்ன இணைக்க வேண்டும்?

பதில்: சங்கப் பதிவுச் சான்றிதழ், கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பு, கணக்காய்வு அறிக்கை, அமைப்பின் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு விவரம், நிலத் தேடல் நகல், உரிமையாளர் கடிதம், தேதியிட்ட படங்கள், குறைந்தது மூன்று குத்தகைக்காரர்களின் விலைப்பட்டியல். விலைப்பட்டியலில் ‘பழுதுபார்ப்பு வேலை’ என்று ஒரே வரியில் மொத்தத் தொகை போட்டுத் தந்தால் வாங்காதீர்கள். எத்தனை சதுர அடி ஓடு, எந்த மரம், எத்தனை அடி, எத்தனை மூட்டை சுண்ணாம்பு எனப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். பணம் பெரும்பாலும் வேலை முடிந்தபின்தான் வரும், அல்லது தவணையாக வரும். ஆகவே முதல் கட்டத்துக்கான தொகையைத் தனியாகத் திரட்டி வைத்துக்கொண்டு மனுவைக் கொடுங்கள். கொடுத்த நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ முத்திரை குத்தி வாங்காமல் கவுண்டரை விட்டு வராதீர்கள்.