சிஸ்கோ ரவுட்டரில் ஐபிசெக் டனல்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இரண்டு கிளைகளுக்கு நடுவே ஐபிசெக் டனல் (இணையத்தின் வழியே போகும் மறையாக்கப்பட்ட இணைப்பு) போட்டிருக்கிறேன். 'ஷோ கிரிப்டோ ஐசகேம்ப் எஸ்ஏ' கொடுத்தால் 'கியூஎம் ஐடில்' என்று வருகிறது. ஆனால் அடுத்த கிளையின் சர்வருக்கு பிங் போகவில்லை. டனல் ஏறிவிட்டதா, இல்லையா?

பதில்: பாதிதான் ஏறியிருக்கிறது, தம்பி. முதல் கட்டம், அதாவது இரு ரவுட்டரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வது, முடிந்தது என்பதற்கு மேல் அதில் வேறு பொருளில்லை. இனி 'ஷோ கிரிப்டோ ஐபிசெக் எஸ்ஏ' போட்டு என்கேப்ஸ் (டனலில் அனுப்பிய பாக்கெட்), டீகேப்ஸ் (டனலில் வந்த பாக்கெட்) எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 5 பிங் விட்டு மறுபடி பாருங்கள். ரவுட்டரிலிருந்தே பிங் விட்டால் சோர்ஸாக லேன் இன்டர்ஃபேஸைக் கொடுக்க மறக்காதீர்கள்.

என்கேப்ஸ் ஏறி, டீகேப்ஸ் 0-விலேயே நின்றால் பாக்கெட் உங்களிடமிருந்து கிளம்பிவிட்டது, பதில்தான் வரவில்லை. அந்தப் பக்கத்து ரூட்டையும், நாட் (NAT, உள் ஐபியைப் பொது ஐபியாக மாற்றுவது) அமைப்பையும் பாருங்கள். வழியில் டனல் பாக்கெட்டைச் சுமக்கும் ஈஎஸ்பி, அதாவது புரோட்டோகால் 50, தடுக்கப்படுகிறதா என்றும் பாருங்கள்.

என்கேப்ஸே ஏறவில்லையா? என் அனுபவத்தில் முதல் சந்தேகம் நாட்மேல்தான். சிஸ்கோ ரவுட்டரின் இயங்குதளமான ஐஓஎஸ் முதலில் நாட் செய்துவிட்டுத்தான், எந்த டிராஃபிக் டனலில் போக வேண்டும் என்று சொல்லும் கிரிப்டோ மேப்பைப் பார்க்கும். 192.168.10.5 என்று கிளம்பிய பாக்கெட் அதற்குள் பொது ஐபிக்கு மாறியிருக்கும். கிரிப்டோ மேப்பின் ஆக்சஸ் லிஸ்டில் (டிராஃபிக்கைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல்) எப்படிப் பொருந்தும்? நாட் லிஸ்டில் டனல் டிராஃபிக்குக்கான டினை (விலக்கு) வரி, பெர்மிட் (அனுமதி) வரிக்கு மேலே இருக்க வேண்டும்.

கேள்வி: சார், எனக்கு அதே 'ஐசகேம்ப் எஸ்ஏ' கமாண்டில் 'எம்எம் நோ ஸ்டேட்' தாண்டவே மாட்டேன் என்கிறது.

பதில்: யுடிபி 500 எதிர்ப்பக்கம் போய்ச் சேர்கிறதா, இரு பக்கமும் என்கிரிப்ஷன், ஹாஷ், டிஎச் குரூப் (ரகசியக் கீயை உருவாக்கும் முறை) ஒன்றுதானா என்று பாருங்கள். நடுவில் நாட் இருந்தால் யுடிபி 4500-ம் திறந்திருக்க வேண்டும். 'எம்எம் கீ எக்ஸ்சேஞ்ச்' வரை வந்து நின்றால் ப்ரீஷேர்டு கீயை (இரு பக்கமும் முன்பே கொடுத்து வைக்கும் ரகசியச் சொல்) பாருங்கள். கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருந்தாலே போதும், பொருந்தாது.

கேள்வி: பிங் போகிறது, ஆனால் பெரிய ஃபைல் காப்பி செய்தால் தொங்கிவிடுகிறதே?

பதில்: பாக்கெட் அளவுதான் காரணமாக இருக்கும். 1500 பைட் பாக்கெட்டின் மேல் ஐபிசெக் தலைப்பும் ஏறினால் லைனில் அடங்காது. டிசிபி பாக்கெட்டின் அளவைக் குறைக்க லேன் இன்டர்ஃபேஸில் 'ஐபி டிசிபி அட்ஜஸ்ட்-எம்எஸ்எஸ் 1360' கொடுங்கள்.

கேள்வி: தூரத்துக் கிளை ரவுட்டரில் மாற்றம் செய்யப் பயமாக இருக்கிறது, சார்.

பதில்: அந்தப் பயம் நல்லது. ஒரு ராத்திரி ஆக்சஸ் லிஸ்டில் ஒரு வரி மாற்றி என்டர் தட்டினேன். ஸ்கிரீன் அப்படியே உறைந்துவிட்டது. விடியற்காலை பஸ் பிடித்துப் போய் கன்சோல் கேபிள் சொருகித்தான் சரிசெய்தேன். அன்றிலிருந்து முதலில் ஓடும் கான்ஃபிகை சேமித்துவிட்டு, 'ரீலோட் இன் 10' போட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். இணைப்பு அறுந்தால் 10 நிமிடத்தில் ரவுட்டர் பழைய கான்ஃபிகோடு எழுந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் 'ரீலோட் கேன்சல்', அதன் பிறகு மாற்றத்தைச் சேமிக்க 'ரைட் மெமரி'.