வெயில் விழும் கொல்லை: நீலகிரியில் வீடு மாறுபவர்களுக்குக் கேள்வி பதில்

ஊட்டி நகருக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டிலும் ஈரச் சுவரிலும் இருந்து அலுத்தவர்கள் பலரும் கோத்தகிரி, குன்னூர், கேத்தி ஓரங்களில் வெயில் படும் வீடு தேடுகிறார்கள். பின்பக்கம் நாலு நாற்காலி போட, நாலு பாத்தி கட்ட இடம் வேண்டும் என்பதுதான் எல்லாரும் கேட்பது. வந்த கேள்விகளில் முக்கியமானவற்றுக்குப் பதில்கள் கீழே.

ஊட்டி பிங்கர்போஸ்டிலிருந்து: அண்ணா, ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை எங்க வீட்டில் துணி காய்வதில்லை. வெயில் உள்ள ஏரியாவாகப் போகலாம் என்றிருக்கிறோம். கோத்தகிரியா, குன்னூரா?

உங்கள் கஷ்டம் ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் கோத்தகிரி. தென்மேற்குப் பருவமழை மேற்கிலிருந்து ஏறுகிறது. நடுவட்டம், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு ஊட்டிக்கு வரும்போது தூறலும் மூட்டமுமாக நாள்கணக்கில் நிற்கும். 2,637 மீட்டர் தொட்டபெட்டா அதைப் பெருமளவு மறித்துக்கொள்வதால் கிழக்கே கோத்தகிரியில் அந்த மாதங்களிலும் இடையிடையே நல்ல வெயில் கிடைக்கும்.

ஆனால் அக்டோபர் பிறந்தால் கணக்கு தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியையும் குன்னூரையும்தான் முதலில் பிடிக்கும். சமவெளியிலிருந்து ஏறும் மேகம் மதியத்துக்கு மேல் வீட்டு வாசலிலேயே நிற்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மலை முழுக்க வெயில்தான். ஆகவே வருடம் பூராவும் வெயில் என்று யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள். எந்த மாதங்களில் வெளியே உட்கார ஆசை என்று முதலில் வீட்டில் பேசி முடிவெடுங்கள். அதன் பிறகு ஊரைவிட மனையின் சரிவுதான் முக்கியம். ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் ஒன்று காய்ந்தும் ஒன்று பாசி பிடித்தும் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அருவங்காட்டிலிருந்து: ஒரு மனையில் வெயில் எப்படி விழும் என்று ஒரே தடவை போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். போனில் திசைகாட்டி இருந்தால் அரை மணி நேர வேலை.

நீலகிரி ஏறக்குறைய 11.4 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் 20 வாக்கில் வரை, அதாவது எட்டு மாதம், உச்சிச் சூரியன் நமக்குத் தெற்கே நிற்கிறது. குளிர்காலம் முழுக்க அந்த எட்டு மாதத்துக்குள் வருவதால், கொல்லை வீட்டுக்குத் தெற்கே இருக்க வேண்டும். ரோடு வடக்கில் உள்ள மனை என்றால் பின்பக்கம் தானாகத் தெற்கில் வரும். வாஸ்துக்காக வடக்கு வாசல் தேடுபவர்களுக்கு இது கூடுதல் லாபம். தெற்கு வாசல் வீட்டில் கொல்லை வடக்கே போய்விடும். 20 அடி உயர வீட்டின் நிழல் டிசம்பர் உச்சிவேளையில் 14 அடி தூரம் அதன்மேல் விழும். சரிவும் வடக்குப் பார்த்து இறங்கினால் நிழல் இன்னும் நீளும்: 20 டிகிரி சரிவில் அதே வீட்டுக்கு 19 அடி.

அடுத்தது சுற்றிலும் உள்ள மலையும் மரமும். கையை முன்னால் முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் உயரம் சுமார் 10 டிகிரி. டிசம்பர் கடைசியில் காலை 9.20க்குச் சூரியன் தென்கிழக்கில் 34 டிகிரியில் இருக்கும், அதாவது கண் மட்டத்திலிருந்து மூன்றரை முஷ்டி. உச்சியில் 55 டிகிரி. கொல்லை நடுவில் நின்று தென்கிழக்கே பாருங்கள். மேடோ மரமோ மூன்றரை முஷ்டிக்கு மேல் போனால் ஒன்பதரை வரை அங்கே வெயில் வராது. தென்மேற்கிலும் அப்படியே அளந்தால் பிற்பகல் மூன்றேகால் மணிக் கணக்கு கிடைக்கும். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்றால் காலை வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் மஞ்சு (மூடுபனி) ஏறிவிட்டால் மேற்கு திறந்திருந்தும் பலனில்லை.

கற்பூர மரங்களை (யூகலிப்டஸ்) தனியாகக் கணக்கெடுங்கள். 30 மீட்டர் மரம் டிசம்பர் உச்சியில் 21 மீட்டர் நிழல் தரும். “வாங்கின பிறகு வெட்டிக்கலாம்” என்று தரகர் சொல்வார். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955இலிருந்து இருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது, பக்கத்து நிலத்து மரம் என்றால் பேச்சே இல்லை. அந்த மரம் நிற்கும் என்று வைத்தே விலை பேசுங்கள்.

கேத்தியிலிருந்து: ஓடை ஓரமாகப் பத்து சென்ட் சமதளம் வருகிறது. மலையில் சமதளம் கிடைப்பதே அபூர்வம். வாங்கலாமா?

கொல்லைக்காக வாங்குவதென்றால் வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி முதலில் விழுவது இப்படிப்பட்ட இடத்தில்தான். மழைக்காலத்தில் ஓடை எழும்பும் பயம் வேறு. பள்ளத்தைவிட்டு ஏறி, உச்சிக்கும் போகாமல், நடுச்சரிவில் பாருங்கள். உச்சியில் காற்று உட்காரவிடாது.

ஏற்கெனவே பள்ளத்தில் இருப்பவர்கள்: சரிவின் கீழ்ப்பக்கம் கெட்டிச் சுவர் எழுப்பினால் குளிர்காற்று உள்ளேயே அடைபடும், அடியில் இடைவெளி விட்டு வேலி போடுங்கள். செடிகளுக்கு, பனி மறைப்பாக இங்கே பயன்படுத்தும் மிலார் செடியோ காய்ந்த தாகையோ போர்த்துங்கள். மாலை ஐந்து மணிக்குள் போர்த்தி, வெயில் ஏறிய பின் எடுக்க வேண்டும். பனி விழுந்துவிட்டால் சூரியன் படுவதற்குமுன் தண்ணீர் தெளித்துக் கரையுங்கள். உறைந்த இலைமேல் சட்டென்று வெயில் அடித்தால்தான் கருகும். உருளை, பீன்ஸ், தக்காளி தாங்காது. கேரட், முட்டைகோஸ் ஓரளவு தாங்கும்.

கோத்தகிரி அரவேணுவிலிருந்து: மனை நல்ல சரிவு. வெட்டிச் சமன் செய்து 30 அடிக்கு முற்றம் எடுக்க நினைக்கிறேன். தடுப்புச் சுவர் எவ்வளவு உயரம் போகலாம்?

எவ்வளவு குறைவாக வெட்டுகிறீர்களோ அவ்வளவு நல்லது. 2009 நவம்பர் 10இல் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. அந்த நாட்களின் மண்சரிவுகளில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அவ்வளவு பெரிய மழை அடிக்கடி வராது, ஆனால் வெட்டிய சரிவு நனைந்து கனத்துச் சரிவதற்கு அதில் கால்பங்கே போதும். 30 அடிக்கு ஒரே தளம் கேட்காமல், 12, 15 அடி அகலத்தில் இரண்டு படியாக எடுங்கள். மேல்படியில் உட்கார இடம், கீழ்படியில் காய்கறி. ஒரு பத்தடிச் சுவருக்குப் பதில் இரண்டு ஐந்தடிச் சுவர். இரண்டுக்கும் நடுவே சுவர் உயரத்துக்கு இரு மடங்காவது இடைவெளி இருக்கட்டும்.

ஐந்தடிக் கருங்கல் சுவருக்கு அடி அகலம் 3 அடி, தலை அகலம் ஒன்றரை அடி. அஸ்திவாரம் கெட்டி மண்ணில் ஒன்றரை அடியாவது இறங்க வேண்டும். தண்ணீர் வடிய 3 அங்குல பிவிசி குழாயை வெளிப்பக்கம் சாய்த்து ஐந்தடிக்கு ஒன்றாக, மேல் வரிசையும் கீழ் வரிசையும் மாறி மாறி வையுங்கள். சுவருக்குப் பின்னால் ஓரடிக்கு 40 மி.மீ. ஜல்லி, குழாய் வாயில் வடிகட்டித் துணி. சரிவின் தலைமாட்டில் வரும் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால்.

சுவர் விழுவது பெரும்பாலும் கல் சரியில்லாமல் இல்லை, தண்ணீர் போக வழியில்லாமல்தான். ஜல்லிச் செலவை மிச்சம் பிடிக்க வெட்டிய செம்மண்ணையே பின்னால் தள்ளிவிடுவார்கள். அது நனைந்ததும் ஊதிக்கொண்டு சுவரை நெட்டும். பூச்சு வேலையில் அழகுக்காகக் குழாய் வாயை மூடிவிடுவதும் நடக்கிறது. பூசும் அன்று பக்கத்தில் நில்லுங்கள். சுவர் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி வைக்காதீர்கள், 1,000 லிட்டர் என்றால் ஒரு டன். ஐந்தடிக்கு மேல் போனால் கட்டடப் பொறியாளர் வரைபடம் இல்லாமல் தொடவே வேண்டாம். மாவட்ட நிர்வாக அனுமதி இல்லாமல் ஜேசிபி இறக்கவும் கூடாது. “ராத்திரியோடு ராத்திரியா முடிச்சிடலாம்” என்பவரை அனுப்பிவிடுங்கள்.

முற்றத்தின் தரை, தண்ணீர் ஓட, பத்தடிக்கு 2 அங்குலம் வாட்டம். வழவழ டைல்ஸ் வேண்டாம், பாசி பிடித்தால் பெரியவர்கள் விழுவார்கள். சொரசொரப்பான கருங்கல் பலகை போதும்.

குன்னூர் வெலிங்டனிலிருந்து: பத்திரம் பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்?

பட்டா, வில்லங்கச் சான்று, புல வரைபடம் எங்கும் உள்ளதுதான். மலையில் கூடுதலாக மூன்று. நிலம் தனியார் காடுகள் சட்டத்துக்குள் வருகிறதா, மலைப்பகுதி பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்படும் கிராமமா, தேயிலை நிலம் வீட்டுமனையாக முறைப்படி மாறியிருக்கிறதா. இவற்றை எழுத்தில் கேளுங்கள். கூடலூர் பக்கம் என்றால் 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல் வரும், உரிமை தீராத குத்தகை நிலத்தின் கிட்டவே போகாதீர்கள். கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு இருப்பதால், மேலே மாடி ஏற்றி கொல்லைக்கு இடம் மிச்சம் பண்ணலாம் என்ற கணக்கும் ஓரளவுக்குத்தான் ஓடும்.

கீழ்க்கோத்தகிரியிலிருந்து: கரடி பயத்தில் பின்கதவைத் திறக்கவே யோசனையாக இருக்கிறது. மின்வேலி போடலாமா?

கரடியைக் கூப்பிடுவது வாசனை. சமையலறைக் கழிவு, எண்ணெய் டின், கீழே விழுந்த கொய்யா, நாய்க்கு வைத்த மிச்சச் சோறு, இவை நான்கும் ராத்திரி வெளியே இல்லையென்றால் பாதிப் பிரச்சினை தீரும். மட்கு உரத்துக்குத் திறந்த குழி வேண்டாம், கொக்கி போட்டு மூடும் பீப்பாய் வையுங்கள். கதவுக்கு மேல் அசைவு தெரிந்தால் எரியும் விளக்கு ஒன்று. வேலி ஓரத்துப் புதரை ஆறடிக்கு வெட்டிச் சுத்தமாக வையுங்கள், சிறுத்தைக்கும் ஒதுங்க இடம் இருக்காது. காட்டெருமை வந்து நின்றால் விரட்டாதீர்கள், போக வழிவிட்டு உள்ளே இருங்கள்.

வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் விடுவது குற்றம், மனிதர் உயிரும் போகும். சூரிய மின்வேலிக்கும் 2023 விதிகளின்படி வனத்துறை அனுமதியும் பதிவும் வேண்டும்.

ஊட்டி காந்தலிலிருந்து: சோலார் வாட்டர் ஹீட்டர் பனியில் வெடிக்குமாமே?

தகட்டு வகையில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து விரியும். கண்ணாடிக் குழாய் வகை எடுங்கள், தெற்குப் பார்த்து 20 முதல் 25 டிகிரி சாய்வு. வெளியே ஓடும் குழாய்க்கு உறை போட மறக்காதீர்கள்.

எடப்பள்ளியிலிருந்து: கொல்லை மண்ணில் முட்டைகோஸ் வேரெல்லாம் முடிச்சு விழுந்து வாடுகிறது.

நம் செம்மண் புளிப்பு அதிகம், அந்த நோய்க்கு அது தோது. மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பொதுவாகச் சதுர மீட்டருக்கு புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூளை 200 கிராம் தூவிக் கொத்திவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து நடலாம். யூரியாவோடும் பச்சைச் சாணத்தோடும் சேர்த்துப் போட்டால் தழைச்சத்து காற்றில் போய்விடும். முடிச்சு விழுந்த பாத்தியில் சில வருடங்களுக்கு கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எதுவும் வேண்டாம். பீன்ஸோ கேரட்டோ போடுங்கள். பிடுங்கிய வேரை உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். வேலி ஓரத்தில் மேரக்காய் (சௌசௌ) பந்தல் போட்டால் காய்க்குப் பஞ்சமில்லை, ஆனால் பந்தல் வடக்கு ஓரமாக வரட்டும், தெற்கில் போட்டால் பாத்திக்கு வெயில் போய்விடும்.

மஞ்சூரிலிருந்து: அம்மாவுக்கு முழங்கால் வலி. மலையே வேண்டாம், காரமடைப் பக்கம் இறங்கிவிடலாம் என்கிறார்கள். கொல்லைக்கு அது சரிவருமா?

ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஆறரை டிகிரி வாக்கில் சூடு கூடும். மஞ்சூரிலிருந்து காரமடைக்கு இறங்கினால் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம். படிக்கட்டு இல்லாத சமதளம் அம்மாவுக்கு நிச்சயம் நிம்மதி. ஆனால் மார்ச் முதல் மே வரை பகல் பத்து மணிக்கு மேல் மாலை ஐந்து வரை கொல்லையில் உட்கார முடியாது, வெயிலைத் தேடிப்போன இடத்தில் நிழலைத் தேட வேண்டியிருக்கும். அங்கே மேலே சொன்ன கணக்கை மாற்றிப் போடுங்கள்: கொல்லை கிழக்கே இருக்கட்டும், பிற்பகலில் வீட்டு நிழலே அதில் விழும். மேற்கு ஓரத்தில் வேம்பும் புங்கனும் வீட்டுச் சுவரிலிருந்து 15 அடி தள்ளி நடுங்கள். முடிவெடுக்கும்முன் ஏப்ரலில் ஒரு மாதம் அங்கே வாடகைக்கு அம்மாவோடு தங்கிப் பாருங்கள். மழை முடிந்த டிசம்பரில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள், அந்த மாதத்தில் சமவெளி யாருக்கும் பிடித்துவிடும்.