பையனைப் பார்த்து ஏன் கண்ணடித்தீர்கள்?

கேள்வி: எனக்கு 48 வயது. சொந்த ஊர் திருச்சி, நியூ ஜெர்சியில் ஐ.டி. வேலை. மனைவி, 16 வயதில் மகன், 10 வயதில் மகள். போன டிசம்பரில் கரீபியன் கடலில் இருக்கும் பொனேர் தீவுக்குப் போய் ஒரு வாரம் கடற்கரை ரிசார்ட்டில் தங்கினோம். நானும் மகனும் ஸ்கூபா டைவிங் கற்றவர்கள். டைவிங் கடையில் உடல்நலப் படிவம் கொடுத்தார்கள். நான் மூன்று வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆனால் ஒன்றுக்கு 'ஆம்' போட்டாலும் டாக்டர் கையெழுத்து கேட்டு நாளை வீணாக்குவார்கள் என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டேன். பக்கத்தில் நின்ற மகன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணடித்தேன், சிரித்துவிட்டான். அருமையான வாரம். மனைவி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தாள். "இது குடும்ப டூரா, உங்க ரெண்டு பேர் டூரா?" என்று கேட்டாள். மகன் தன்னிடம் இப்போது எதையும் சொல்வதில்லை, அப்பாவும் பிள்ளையும் ஒரு கட்சி என்று வீட்டுக்கு வந்த பிறகும் அதே பேச்சு. இந்த டிசம்பருக்கும் அங்கேயே அறை போட்டிருக்கிறேன். மகளையும் டைவிங் வகுப்பில் சேர்க்கும் எண்ணம். இதெல்லாம் குடும்பத்துக்காகத்தான் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: தம்பி, 'அவளுக்கு எப்படிப் புரியவைப்பது' என்று முடிகிற கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. அநேகமாக எல்லாவற்றிலும் அந்த அம்மாவுக்கு எல்லாம் புரிந்துதான் இருக்கும். அதனால் அந்தக் கேள்வியை ஓரமாக வைக்கிறேன். 'கண்ணடித்தேன், சிரித்துவிட்டான்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போகமுடியவில்லை.

என்ன செய்தீர்கள் என்று முதலில் பார்ப்போம். டைவிங் கடைகளில் பரவலாகக் கொடுக்கப்படும் படிவத்தில் 45 வயதைத் தாண்டியவரா என்று ஒரு கேள்வி உண்டு. 'ஆம்' என்றால் ரத்த அழுத்தம் உண்டா, கொழுப்பு உண்டா, புகைபிடிப்பீர்களா என்று அடுத்த கட்டத்துக்குப் போகும். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்பது தனிக் கேள்வி. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால், உங்கள் வயதுக்கும் சேர்த்தே பொய் சொல்லியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே கையெழுத்து. மகன் பதினெட்டு நிரம்பாதவன், அவன் படிவத்திலும் பெற்றவர் கையெழுத்து வேண்டும். அதையும் அதே பேனாவால் நீங்களே போட்டிருப்பீர்கள்.

அந்தக் கேள்விகளை யாரோ பொழுதுபோகாமல் எழுதவில்லை. தண்ணீருக்குள் இறங்கியதும் கால்களில் இருக்கும் ரத்தம் மார்புப் பக்கம் தள்ளப்படுகிறது. இதயத்துக்கு வேலை கூடுகிறது. பிரஷர் இருக்கிறவர்களுக்கு ஆழத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் அது நடக்கும். சில பிரஷர் மாத்திரைகள் நாடித்துடிப்பைக் கூடவிடாமல் பிடித்துவைக்கும், நீரோட்டத்தை எதிர்த்துக் காலை உதைக்கும்போது அது காலை வாரும். நடுத்தர வயதைத் தாண்டிய டைவர்களின் மரணங்களில் இதயக் கோளாறுக்குப் பெரிய பங்கு உண்டு. இத்தனைக்கும் கட்டுக்குள் இருக்கும் பிரஷரோடு டைவிங் செய்யலாம் என்று பலருக்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு எடிசனிலேயே உங்கள் டாக்டரைப் பார்த்திருந்தால் ஒரு மதிய நேரம் செலவாகியிருக்கும். அவ்வளவுதான். அந்த ஒரு மதியத்தை மிச்சம் பிடித்தீர்கள்.

பொனேரில் டைவிங் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே பவளப்பாறை கரையை ஒட்டியே தொடங்கிவிடும். படகு தேவையில்லை. பிக்கப் வண்டியில் சிலிண்டர்களைப் போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் போவார்கள். ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். அங்கே வண்டியை நிறுத்தி, முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தே இறங்குவார்கள். வழிகாட்டி கிடையாது, படகுக்காரர் கிடையாது. துணைக்கு ஒருவர், அவ்வளவுதான்.

உங்களுக்குத் துணை யார்? உங்கள் மகன்.

பதினெட்டு மீட்டர் ஆழத்தில் உங்களுக்கு மூச்சு முட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கு அடிப்படை வகுப்பில் கற்றுக்கொடுத்தது தன் காற்றைப் பகிர்வதும், களைத்துப்போனவரை நீர்மட்டத்தில் இழுத்துவருவதும். நினைவு தப்பியவரை அடியிலிருந்து மேலே கொண்டுவருவது மீட்புப் பயிற்சியில் வரும் பாடம், அது வேறு வகுப்பு. உங்கள் வாயிலிருந்து ரெகுலேட்டர் என்கிற மூச்சுக் கருவி நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நீங்கள் மாட்டியிருக்கும் மிதவை உடுப்பின் காற்றைச் சரிசெய்துகொண்டு, தன் மூச்சை அடக்காமல் நிதானமாக மேலே வரவேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் அவன் நுரையீரல் கிழியலாம். அப்பா அசையாமல் கிடக்கும்போது எந்தப் பிள்ளை நிதானமாக வருவான்? சொல்லுங்கள்.

சரி, அவன் பிழைத்து, நீங்கள் பிழைக்கவில்லை என்று வையுங்கள். 'அப்பா மாத்திரை சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும், படிவத்தில் பொய் எழுதியதும் தெரியும், நான் சிரித்தேன்' என்பதை அவன் எத்தனை வருடம் சுமப்பான்? உங்கள் பொய்யில் அவனைப் பங்காளியாக்கியது அந்தக் கண்ணடிப்பு. ஒன்றும் தெரியாமல் உங்களோடு வந்திருந்தால் அவனுக்கு அழுகை மட்டும் மிஞ்சியிருக்கும். நீங்கள் பழியையும் சேர்த்து அவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் கடலில் இறங்கினீர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி படிவத்தைக் காட்டிப் பணம் தர மறுக்கலாம் என்பதையும், தெரியாத தீவில் இரண்டு பிள்ளைகளோடு உங்கள் மனைவி நின்றிருப்பார் என்பதையும் நான் விரித்து எழுத வேண்டாமென்று நினைக்கிறேன்.

இப்போது மனைவியின் குறைக்கு வருகிறேன். 'மகன் என்னிடம் எதையும் சொல்வதில்லை' என்கிறார். நீங்கள் அதை ஏதோ பொறாமைப் பேச்சு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். படிவத்தில் எழுதிய பொய் அவருக்கு இன்னும் தெரியாது என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் ஒரு பெரிய விஷயத்தை மறைக்கிற பிள்ளை, சின்ன விஷயங்களைப் பேசுவதற்கும் கூச்சப்படுவான். பேச்சுக்கொடுத்தால் எங்கே வாய்தவறி வந்துவிடுமோ என்ற பயம். தினமும் காலையில் நீங்கள் மாத்திரை போடுவதை அம்மாவும் பார்க்கிறார், அவனும் பார்க்கிறான். அந்த நேரத்தில் அவன் எந்தப் பக்கம் பார்ப்பான் என்று யோசித்தீர்களா?

அப்பாவும் பிள்ளையும் ஒட்டிக்கொண்டு திரிவது எனக்குப் பிடிக்கும். பதினாறு வயதுப் பையன் அப்பாவோடு ஒரு வாரம் சேர்ந்து சுற்ற வருகிறான் என்பதே பெரிய பாக்கியம். ஆனால் உடம்பு, கடன் இந்த இரண்டிலும் மனைவிக்குத் தெரியாத ஒன்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்டில் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் இருப்பவர் அவர். அவரைக் கடந்து குழந்தையிடம் போனது தப்பு, தம்பி. பெரிய தப்பு.

இந்த வாரத்திலேயே ஒரு நாள், மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மனைவியிடம் சொல்லுங்கள். படிவத்தில் பொய் எழுதினேன், இவனை மறைக்கவைத்தேன், இவன்மேல் தப்பில்லை என்று அந்த மூன்றையும் உங்கள் வாயால் சொல்லவேண்டும். அவர் திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள், நடுவில் 'ஆனால்' என்று ஆரம்பிக்காதீர்கள். அப்புறம் டாக்டரிடம் போங்கள், மனைவியும் கூட வரட்டும். மாத்திரையின் பெயரையும் டைவிங் படிவத்தையும் எடுத்துப் போங்கள். டாக்டர் சோதனை எழுதிக் கொடுத்தால் செய்யுங்கள். கையெழுத்துப் போட்டால் சந்தோஷமாக இறங்குங்கள். அப்போதும் மகனை மட்டும் துணையாக வைத்துக்கொண்டு வேண்டாம், ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஸ்நார்கெல் குழாயை மாட்டிக்கொண்டு மேலே மிதந்தே அங்கே ஆமை பார்க்கலாம். எதிரில் இருக்கும் கிளைன் பொனேர் தீவுக்குப் படகு போகிறது, நால்வருமே போகலாம்.

இன்னொன்று. நாள் கணக்கில் டைவிங் செய்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் டைவிங் செய்யாமல் இருக்கவேண்டும். ஆக, கடைசி நாள் எப்படியும் உங்களுக்குக் கரைதான். அன்று பிக்கப் வண்டியின் சாவியை மனைவி கையில் கொடுங்கள். வடக்கே கோட்டோமேர் ஏரியில் பூநாரைகள் மேய்வதைப் பார்க்கலாம். தெற்கே உப்பளங்களுக்குப் பக்கத்தில், அடிமைகளைத் தங்கவைத்த குட்டிக் கல்வீடுகள் கடலைப் பார்த்து நிற்கின்றன, பெரியவர்கள் உடலை மடக்கித்தான் உள்ளே நுழையமுடியும். உங்கள் பிள்ளைகள் பார்க்கவேண்டிய இடம். எங்கே முதலில் போவது, எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அவர் சொல்லட்டும்.

மகளை டைவிங் வகுப்பில் சேர்ப்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பத்து வயதில் சேர்த்துக்கொள்வார்கள் என்பது உண்மைதான். அவளுக்கும் அதே படிவம் வரும், பெற்றவர் கையெழுத்தும் வேண்டும். இந்தத் தடவை அதை அவள் அம்மா நிரப்பட்டும். உங்கள் டாக்டர் பதில் சொல்லும்வரை அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.