வோட் செடி: காப்பதா, பிடுங்குவதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து லோகனில் வசிக்கிறேன். மே மாதமானால் வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு முழுக்க மஞ்சள் பூ. ஐரோப்பாவின் பழைய நீலச்சாயச் செடியான ‘வோட்’ இதுதானாம். இங்கிலாந்தில் அரிதாகிவிட்டது என்று படித்தேன். அப்படியென்றால் காப்பாற்ற வேண்டிய செடிதானே? சாயம் எடுக்கலாமா? ஊருக்கு வரும்போது விதை கொண்டுவரலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இங்கிலாந்தில் அரிது என்பது சரி. டியூக்ஸ்பரி அருகே செவர்ன் ஆற்றோரச் சரிவு, கில்ஃபோர்டு பக்கத்துச் சுண்ணாம்புக் குழி என்று சில இடங்களில்தான் நிலைத்திருக்கிறது. ஆனால் அங்கேயும் அது மண்ணின் செடி அல்ல, சாயத்துக்காகக் கொண்டுவந்து பயிரிட்டது. பூர்வீகம் காக்கசஸ், மத்திய ஆசியப் புல்வெளிகள். உலக அளவில் அதற்கு ஆபத்து ஒன்றும் இல்லை.

யூட்டாவில் கதையே வேறு. குதிரைமசால் என்ற தீவனப்பயிரின் விதையோடு கலந்து வந்து பரவிய செடி அது. இன்று மாநிலத்தின் தீங்குக் களைப் பட்டியலில் இருக்கிறது. கடுகுக் குடும்பம், முதல் ஆண்டு தரையோடு ஒட்டிய இலைக்கொத்து, இரண்டாம் ஆண்டு பூ, காய், பிறகு சாவு. ஆணிவேர் ஐந்தடி வரை இறங்குவதால் வறண்ட சரிவிலும் புல்லை முந்திக்கொள்ளும்.

ஆகவே பிடுங்குங்கள். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூக்கும் பருவத்தில், கடப்பாரையால் நெம்பி வேரோடு எடுக்க வேண்டும். தண்டை மட்டும் ஒடித்தால் வேர்த்தலையிலிருந்து பல தண்டுகளாகத் திரும்பக் கிளைக்கும். காய் பிடித்துவிட்டதென்றால் பிடுங்கியதை அங்கேயே போடாமல் பையில் கட்டி அகற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு சுற்று அவசியம். பிந்திப் பூப்பவை எப்போதும் இருக்கும். இலைகள் வெளிறிச் சுருண்டு, அடியில் கரும்பழுப்புப் பொடி தெரிந்தால் அது துருநோய்ப் பூஞ்சை. அப்படிப்பட்ட செடி பெரும்பாலும் விதை பிடிக்காது, கடைசியாகக் கவனித்தால் போதும்.

சாயம் தாராளமாக எடுக்கலாம், பிடுங்கியதிலிருந்தே. ஆனால் அதற்குப் பூக்காத முதலாண்டு இலைக்கொத்தைத் தனியாகப் பிடுங்க வேண்டும். பூத்த செடியில் சாயம் அனேகமாக இருக்காது. களைக்கொல்லி தெளித்த இடம் என்றால் தொடவே வேண்டாம். ஒரு கிலோ பச்சிலையைக் கிழித்து, 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள ஐந்து லிட்டர் நீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். உடனே பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து 50 டிகிரிக்குக் கீழே இறக்கிப் பிழிந்து வடிகட்டுங்கள். அதற்கப்புறம்தான் சலவைச் சோடா, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 9 வரும்வரை. சூட்டோடு சோடா போட்டாலும், இலையை அதிகநேரம் ஊறவிட்டாலும் நீலம் கெடும். பத்து நிமிடம் நன்றாக அடித்தால் நுரை நீலமாகும். சில மணிநேரம் அசையாமல் வைத்தால் நீலம் அடியில் படியும். தேறுவது ஓரிரு கிராம், அவ்வளவுதான்.

ஊருக்கு விதை வேண்டாம். அனுமதி இல்லாமல் விதை கொண்டுவருவது தாவரத் தனிமைப்படுத்தல் விதிப்படி குற்றம். கொண்டுவந்தாலும் குளிர்காலக் குளிர் படாமல் அது பூக்காது. நம்மிடம் அவுரி இருக்கிறதே! அது அவரைக் குடும்பம், செடி வேறு. ஆனால் இரண்டிலும் நீலம் ஒன்றே, இண்டிகோடின். அவுரியில்தான் அது அதிகம். அதனால்தான் வோட் விவசாயிகளைக் காக்க 1609இல் பிரான்ஸின் நான்காம் ஹென்றி இந்திய நீலத்தைத் தடைசெய்து, மீறினால் மரண தண்டனை வரை விதித்தும் தடை நிற்கவில்லை.